வைட்டமின் பாட்டிலில் போன எண்ணெய்

1

போன செவ்வாய்க்கிழமை வேலையிடத்தில் எனக்கு ஒரு பாராட்டு கிடைத்தது. நான் வேலை செய்வது ரொட்டித் தொழிற்சாலையில். ரொட்டி சுடுவது நான் இல்லை, அதையெல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும். வரிசையாக வருகிற ரொட்டிப் பைகளில் சரியான லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அன்றைக்கு அக்ரூட் பருப்பு போட்ட ரொட்டி, சாதா ரொட்டியின் லேபிளோடு வந்துகொண்டிருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். பருப்பு ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் இங்கே நிறைய. ஒரு துண்டு உள்ளே போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், "கலா இன்றைக்கு ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கலாம்" என்றார். கைதட்டினார்கள்.

நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த மாதத்தோடு கனடா வந்து பதினாறு வருடம் ஆகிறது. எங்கள் ஊர் காத்திவாக்கத்தில் இதைப் படிக்கிறவர்கள், "நம்ம கலா கனடா போய் லேபிள் பாக்குதாம்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கலாதான் இந்த வருடத் தொடக்கத்தில் தப்பான லேபிள் ஒட்டிய ஒரு பாட்டிலைத் தன் கையாலேயே அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் அண்ணன் சேகர் இருபது வருடத்துக்கு மேல் டிரெய்லர் ஓட்டியவர். ஹார்பர் கேட்டுக்கு முன்னால் வரிசையில் வண்டியோடு வண்டியாகக் கிடந்து, கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு மணலிக்கும் எண்ணூருக்கும் போவார். நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு இதய வால்வு கெட்டுவிட்டது. ஆபரேஷன் செய்து செயற்கை வால்வு வைத்தார்கள். அதோடு டிரெய்லர் போயிற்று. இப்போது மாத்தூரில் லாரி நிறுத்துகிற இடம் ஒன்றில் டோக்கன் கொடுக்கிறார்.

செயற்கை வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் நீர்த்திருக்கச் செய்கிற மாத்திரை. மாதம் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ரத்தம் கட்டினால் வால்வு அடைத்துவிடும். அளவுக்கு மீறி நீர்த்துவிட்டால் உள்ளே எங்கேயாவது கசியும், அது மூளையில் கசிந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். அண்ணி மல்லிகாதான் பெரிய மாத்திரை, சின்ன மாத்திரை என்று நாள் பார்த்து எடுத்துக் கொடுப்பாள்.

டிரெய்லர் போனாலும் அது கொடுத்த தோள்வலி போகவில்லை. சாதாரண வலி மாத்திரை இவருக்கு ஆகவே ஆகாது, வயிற்றில் ரத்தம் கசியும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தைலம், ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு நாள் வீடியோ காலில் அண்ணி அவருக்குச் சட்டை மாட்டிவிடுவதைப் பார்த்தேன். என்னைத் தோளில் உட்கார வைத்துத் தேர்த் திருவிழா காட்டியவர், கையைத் தூக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அண்ணன் பத்தொன்பது வயதில் ஒரு லாரியில் கிளீனராக இருந்தார். செக்போஸ்டில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி, டூல்ஸ் பெட்டியில் இருந்து ஒரு கஞ்சாப் பொட்டலத்தை எடுத்தார்கள். டிரைவர் ஓடிவிட்டான். பீடிகூடத் தொடாத என் அண்ணன், தப்பு செய்யாதவன் எதற்கு ஓட வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது அவரால் உட்கார முடியவில்லை. வழக்கு நிற்கவில்லை. ஆனால் துபாய் போக பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டபோது, விசாரிக்க வந்தவர்கள் அதையே கிளறினார்கள். பாஸ்போர்ட் வரவில்லை. எங்கள் வீட்டில் வெளிநாடு போக ஆசைப்பட்டவர் அவர், வந்தது நான். இன்றைக்கும் யாராவது விளையாட்டுக்கு அந்தச் சொல்லை எடுத்தால் அண்ணன் எழுந்து போய்விடுவார்.

3

என் மகள் திவ்யா ஆறு வயதில் இங்கே வந்தவள். இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு கடையில் வேலை செய்கிறாள். என்ன கடை என்று ஊரில் கேட்டால் மெடிக்கல் ஷாப் என்று சொல்லிவைத்திருந்தேன். அது கஞ்சாக் கடை. இந்த நாட்டில் அது சட்டப்படி நடக்கிறது. கண்ணாடியும் விளக்கும் போட்டு நகைக்கடை மாதிரி வைத்திருக்கிறார்கள். முதல் நாள் அவள் சீருடையோடு வந்து நின்றபோது, இதற்கா உன்னைக் கடல் தாண்டிக் கூட்டிவந்தேன் என்று சண்டை போட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இப்போதெல்லாம் நான் கத்தினால் அவளுக்குச் சிரிப்புதான் வருகிறது.

சிபிடி என்பதை முதலில் அவள் வாயால்தான் கேட்டேன். அது அந்தச் செடியில் இருந்து எடுக்கிற ஒரு சத்து. செடிக்குள் நூற்றுக்கணக்கான சத்துகள் இருக்கின்றனவாம். அதில் ஒன்றுதான் போதை ஏற்றுவது. சிபிடி வேறு, அது போதை தராது. எண்ணெயில் கலந்து சொட்டு மருந்து மாதிரி விற்கிறார்கள். எந்த மருந்துக்கும் அடங்காத சிலவகை வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கு, டாக்டர்களே இதைச் சுத்தப்படுத்திய மருந்தாக எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த உபயோகம் நிரூபணம் ஆனது. மற்றபடி தூக்கம் வரவில்லை, மனசு படபடக்கிறது, மூட்டு வலிக்கிறது என்று வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

"கேக்குதாடி உண்மையிலேயே?" என்று கேட்டேன்.

"சில பேர் நல்லா இருக்குங்கிறாங்க. சில பேருக்கு ஒண்ணுமே இல்லை. வலிக்கு இது கேக்கும்னு இன்னும் யாரும் உறுதியா சொல்லலம்மா. நாங்க கடையில 'இது மருந்து'ன்னு சொல்லவே கூடாது."

மகள் சொன்னதில் முதல் பாதி எனக்கு நன்றாகக் கேட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு தோட்டத்தில் குனிந்து வேலை செய்கிறாள் என்பதும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. என் அண்ணனுக்கு வலி மாத்திரைதானே ஆகாது. இது மாத்திரை இல்லையே, செடிதானே, மூலிகை எந்த மருந்தோடு போய்ச் சண்டை போடப் போகிறது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். நம் ஆட்களுக்கு இந்த ஒரு நம்பிக்கை மட்டும் ரத்தத்தில் ஊறியது. கீரையைப் பார்த்தால்கூட, அது நல்லதைத் தவிர வேறு எதையும் செய்யாது என்று அடித்துப் பேசுவோம்.

4

ஒரே பாட்டிலுக்கு மூன்று பொய் சொன்னேன்.

முதல் பொய் மகளிடம். எனக்கு முட்டி வலிக்கிறது, உன் கடையில் இருந்து ஒன்று வாங்கி வா என்றேன். வாங்கி வந்தாள். "நீ வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறியாம்மா? அப்படின்னா முதல்ல டாக்டர்கிட்ட கேக்கணும்" என்றாள். நான் எதுவும் சாப்பிடுவதில்லை என்று சொன்னேன். அது நிஜம்தான், என்னைப் பொறுத்தவரை.

இரண்டாவது பொய் பெட்டிக்குள் போனது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தை மாதம் ஊருக்குக் கிளம்பினேன். இந்த எண்ணெயை நாட்டைவிட்டு எடுத்துப் போகக் கூடாது என்று இங்கே விமான நிலையத்திலேயே போர்டு வைத்திருக்கிறார்கள். அங்கே அகப்பட்டால் அதைவிட மோசம். ஊரில் டாக்டர் சீட்டோடு சிபிடி விற்கிறார்கள் என்று சொல்கிறார்கள், ஆனால் நாமே பெட்டியில் கொண்டுபோவது வேறு கதை, ஜெயில் வரைக்கும் இழுக்கும். இதெல்லாம் தெரிந்தும் ஒரு வைட்டமின் சொட்டு மருந்து பாட்டிலைக் காலி செய்து, கழுவிக் காயவைத்து, அதில் இந்த எண்ணெயை ஊற்றினேன். வெயில் இல்லாத இந்த ஊரில் வைட்டமின் பாட்டில் இல்லாத வீடு கிடையாது. ஊருக்குப் போகிற நம் ஆட்களின் பெட்டியில் சாக்லேட்டுக்கு அடுத்து இருப்பதும் அதுதான். யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது பொய் அண்ணனிடம். ஒரு சொட்டை நாக்குக்கு அடியில் விட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னா கலா இது, பச்சிலை வாசனை அடிக்குது?"

"மூலிகை சேர்த்த வைட்டமின்ணா. எலும்புக்கு நல்லது."

"கனடாக்காரன் மூலிகைலாம் சேக்குறானா?" என்று சிரித்தார். மேற்கொண்டு கேள்வி கேட்காமல் குடித்தார். நான் கொடுத்ததாயிற்றே.

மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். பிறகு ஒரு நாள் வீடியோவில் அண்ணன் தானே சட்டை போட்டுக் காட்டினார். "வலி கம்மியா கீதும்மா. நான் இப்ப ரெண்டு வேளையும் விட்டுக்கிறேன், நெறையவே விட்டுக்கிறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினாறு வருடத்தில் நான் ஊருக்குச் செய்த ஒரே நல்ல காரியம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வலி குறைந்த தெம்பில் அந்த மாத ரத்தப் பரிசோதனைக்கு அவர் போகவில்லை என்பது எனக்குத் தெரியாது.

5

ஒரு சனிக்கிழமை காலை. இங்கே தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், அங்கே மாலை. அண்ணி போனில் வந்தாள்.

"கலா, உங்க அண்ணனுக்கு பல்லு தேய்க்கசொல்ல ரத்தமா வந்துச்சி. கையெல்லாம் நீலம் நீலமா கீது. ஒண்ணுக்கு செவப்பா போவுது. பெரியாஸ்பத்திரில சேத்துக்கினாங்க."

ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். புதிதாக ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து சாப்பிட்டாரா என்று கேட்டார்களாம்.

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"ஒண்ணும் இல்லன்னேன். நீ குடுத்த வைட்டமின் மட்டும்தான்னு பாட்டில காட்டினேன். படிச்சி பாத்துட்டு இதனால ஒண்ணும் இல்லன்னாங்க." அதற்குப் பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. "மாத்திரை யாரு குடுக்குறதுன்னு நர்ஸம்மா கேட்டுச்சி. பெரிசையும் சின்னத்தையும் மாத்திக் குடுத்துட்டியான்னு கேக்குது. என் பொண்ணும் அதான் கேக்குது, உனக்குதான் கண்ணு சரியா தெரியலயேம்மான்னு. எனக்கே இப்ப தெரியல கலா. நான்தான் மாத்திக் குடுத்துட்டேனோ இன்னாவோ."

என் எண்ணெயின் வேலைதான் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. சொன்னால் கஞ்சா என்ற சொல்லைச் சொல்ல வேண்டும், அதுவும் அண்ணனிடம். நான் செய்தது குற்றம் என்ற பயமும் இருந்தது. இதெல்லாம் போதாதென்று, வேறு காரணமாகவும் இருக்கலாமே என்று ஒரு அல்ப ஆசையும் இருந்தது.

"அந்த வைட்டமின ரெண்டு நாள் நிறுத்திடுங்க அண்ணி" என்றேன்.

"ஏன்?"

"சும்மாதான். உடம்பு தேறட்டும்."

ஒரு மனுஷியின் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவள் பேசுகிற பேச்சா இது. தோசை கருகிப்போயிருந்தது. அன்றைக்கு முழுவதும் வீட்டைப் பெருக்கினேன், துணி துவைத்தேன், இரண்டு தடவை போனை எடுத்து வைத்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை மகளிடம் போய், பேச்சுவாக்கில் கேட்பது போல, ரத்தத்தை நீர்க்கச் செய்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த எண்ணெயைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

திவ்யா லேப்டாப்பை மூடினாள். "யாருக்கும்மா?"

"சும்மா கேட்டேன்."

"அம்மா, யாருக்கு?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. என் போனை எடுத்து என் கையில் வைத்து, "இப்பவே" என்றாள். அண்ணிக்கு மணி அடிக்கிற நேரத்தில் விளக்கினாள். ஈரல்தான் நாம் சாப்பிடுகிற மருந்துகளைக் கரைத்து வெளியேற்றுகிறது. சிபிடி அந்த வேலையைத் தடுக்கும். அதனால் ரத்தம் நீர்க்கும் மாத்திரை உடம்பிலேயே தங்கித் தங்கிச் சேரும், கொடுத்தது ஒன்றானாலும் இரண்டு கொடுத்த மாதிரி ஆகிவிடும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டாம். தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, அதிகமானால் ஈரலுக்கே கெடுதல் என்று இன்னும் இருக்கின்றன. "இதெல்லாம் அந்தப் பாட்டிலோட வந்த தாள்லயே இருக்கும்மா" என்றாள். அந்தத் தாளை நான் குப்பையில் போட்டிருந்தேன்.

அண்ணி எடுத்தாள். வார்டில் அண்ணன் பக்கத்தில் இருந்தாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"அண்ணா, நான் குடுத்தது வைட்டமின் இல்லை. கஞ்சாச் செடியில இருந்து எடுக்கிற எண்ணெய். போதை கிடையாது. உன் வலிக்குன்னு கொண்டாந்தேன். என்னன்னு தெரிஞ்சேதான் கொண்டாந்தேன். அண்ணி மேல தப்பு இல்லை, மாத்திரையெல்லாம் அண்ணி சரியாதான் குடுத்திருக்காங்க."

அண்ணிதான் பேசினாள்.

"நேத்து நைட்டும் குடுத்தேனே கலா. இன்னிக்குக் காலையிலயும் குடுத்தேன். நீ நிறுத்த சொன்ன, டாக்டர்தான் ஒண்ணும் இல்லன்னுட்டாரே, சத்து எறங்குமேன்னு நான்தான் குடுத்தேன்."

திவ்யா என் கையில் இருந்து போனை வாங்கினாள். "அத்தை, அழாதீங்க. டாக்டர் இருந்தா அவங்ககிட்ட கொடுங்க." ட்யூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண் போலிருக்கிறது, குரலில் தெரிந்தது. திவ்யா இங்கிலீஷில் ஒரு மில்லியில் எவ்வளவு சிபிடி, எத்தனை நாளாக, எவ்வளவு அளவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இவளுக்குத் தமிழில் சேர்ந்தாற்போல நாலு வரி எழுதத் தெரியவில்லை என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன். அன்றைக்கு அண்ணனுக்காகப் பேச வேண்டியதை அவள்தான் பேசினாள்.

கடைசியில் டாக்டர் என்னிடமே தமிழில் சொன்னார். "நல்ல வேளை சொன்னீங்கம்மா. இது தெரியாம நாங்க மாத்திரையைக் குறைச்சு வீட்டுக்கு அனுப்பியிருப்போம். உங்க பாட்டில் தீர்ந்துபோன பிறகு அந்தக் குறைஞ்ச மாத்திரை அவருக்குப் பத்தாது. ரத்தம் கட்டி வால்வு அடைச்சிருக்கும்." அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எட்டு நாளில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

7

திவ்யா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு வந்து, "அம்மா, எனக்கு இதுல கோபம் என்ன தெரியுமா? மாமாவுக்குன்னு நீ கேட்டிருந்தா, வேணாம், அவர் டாக்டர்கிட்ட முதல்ல கேளுன்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன்" என்றாள். அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை என்பதை அவளிடம் சொன்னேன்.

அண்ணி பேசினாள். ஒரே ஒரு தடவை கேட்டாள். "சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல கலா? அன்னிக்கு ராவெல்லாம் நான் மாத்திரை அட்டைய எடுத்துக் கண்ணுக்கிட்ட வெச்சி வெச்சிப் பாத்துகினு இருந்தேன்." அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை.

அண்ணன்தான் பேசவில்லை. நான் கூப்பிட்டால் போன் அண்ணியிடமே இருக்கும். அவர் பின்னால் நடமாடுவது தெரியும். தோள்வலி திரும்ப வந்துவிட்டது, அண்ணிதான் சட்டை போட்டுவிடுகிறாள். அதைவிட அவரை வாட்டியது ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள். அதில் காரணம் என்ற இடத்தில் அந்தச் செடியின் இங்கிலீஷ் பெயரை எழுதியிருக்கிறார்கள். எழுதத்தான் வேண்டும், அடுத்த டாக்டருக்குத் தெரிய வேண்டுமே. ஆனால் மாதா மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கவுன்டரில் காட்டியாக வேண்டும். அந்த வரி உள்பக்கம் போகிற மாதிரி மடித்து பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறாராம். அண்ணி இதைச் சொன்னபோது, செக்போஸ்டில் ஓடாமல் நின்ற அந்தப் பையனுக்கு இத்தனை வருடம் கழித்து நானே ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டேன் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்த பிறகு போன வாரம்தான் முதல் தடவையாக அவர் பரிசோதனைக்குப் போனார். வியாழக்கிழமை அண்ணி அதை எனக்குச் சொன்னாள். கவுன்டரில் இருந்தவர் மடித்த தாளை விரித்துப் படித்திருக்கிறார். படித்துவிட்டுத் தலையைத் தூக்கி, "இன்னாய்யா, வால்வு வெச்ச ஆளு நீ, உனக்குக் கஞ்சா கேக்குதா?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறார். பின்னால் முப்பது நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். பாதிப்பேர் எங்கள் பக்கத்துக்காரர்கள்.

"நான் தலைய குனிஞ்சிகினேன் கலா" என்றாள் அண்ணி. "இவரு எழுந்து பூடுவாருன்னு நெனச்சேன். போவல. நின்னாரு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாரு. 'என் தங்கச்சி கனடால கீது. நான் வலியில துடிக்கிறத பாக்க முடியாம கொண்டாந்து குடுத்துச்சி. அது இன்னான்னு அதுக்குத் தெரியாது. வைட்டமின்னு நெனச்சிதான் குடுத்துச்சி, பாவம்'னு சொன்னாரு."

தெரிந்தேதான் கொண்டுவந்தேன் என்று நான் சொன்னதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டவர் அவர். அடி வாங்கிய அந்த இரண்டு நாளிலும், துபாய் போகாமல் போன அந்த வருடத்திலும்கூட என் அண்ணன் ஒரு பொய் சொன்னதில்லை. அத்தனை பேர் முன்னால் எனக்காகச் சொல்லியிருக்கிறார்.